கிழக்கு வேலியோரம் காய்ந்த புல்

மேய்ச்சல் நிலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வண்டி தருவார்கள், வரைபடம் தருவார்கள். இப்போது இருக்கும் இடத்தை அப்படியே காட்டும் கருவியெல்லாம் கையில் தருகிறார்களாம். யாரைச் சந்தேகப்படுவது, எவ்வளவு சந்தேகப்படுவது, அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இந்த ஒரு சம்பவத்தை முழுதாகச் சொல்கிறேன். நிலம் அளப்பதும் புல்லை வகை பிரிப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அமீரகத்தில் ராஸ் அல் கைமா பக்கம் ஓர் அரசு அலுவலகத்தின் நிலப் பிரிவில் நான் கள ஆய்வாளன். மலைக்கும் மணல்மேடுகளுக்கும் நடுவே ஒரு சமவெளி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கூழாங்கல். கிட்டே போனால் குத்துக் குத்தாகத் துமாம் என்று அரபிகள் சொல்லும் புல். இடையிடையே நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வன்னி மரம். மழை ஒன்று பெய்துவிட்டால் அந்தச் சமவெளியே வேறு முகம் காட்டும்.

அந்த நிலம் அரசுக்குச் சொந்தம். ஆடு மாடு வளர்க்கும் ஒரு கம்பெனிக்கு மேய்ச்சலுக்காகக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். புல் நிற்கும் இடத்தில் உழக்கூடாது என்பது நிபந்தனை. புல்லே இல்லாத வெற்றுத்தரை இருந்தால் அங்கே உழுது தீவனம் போட்டுக்கொள்ளலாம். உழுத பகுதிக்கு நீண்ட காலப் பண்ணைக் குத்தகை கிடைக்கும். இதில் இருக்கிற ஓட்டை உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். புல் சாவது அந்தக் கம்பெனிக்கு லாபம்.

உழுதால் என்ன, மறுபடி முளைக்காதா என்று என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் வயல் மாதிரி நினைத்துக் கேட்பது. அந்தப் புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. வட்டுக் கலப்பை ஒரு தடவை அதைப் புரட்டிவிட்டால் அடுத்த காற்றுக்காலத்தில் மேல்மண் போய்விடும். பிறகு மழை பெய்தாலும் முளைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

கம்பெனியின் சைட் மேனேஜர் அருள்ராஜ். தூத்துக்குடிக்காரன். நானும் அந்தக் கரைதான். என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். முதல் நாள் நான் வண்டியிலிருந்து இறங்கிப் பெயரைச் சொன்னதுமே என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க பேச்சே சொல்லுதே. வாங்க, கேம்ப்ல மீன்குழம்பு வச்சிருக்கு. நம்ம ஊர்ப் பக்குவம்."

சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் என் மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அங்கே சாப்பிட்டாயா?"

அவர் சூடான்காரர். மேய்ச்சல் நிலத்தில் பெரிய படிப்பு படித்தவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை முதீர் என்றுதான் கூப்பிடுவோம். அதிகாரி என்று அர்த்தம். குரலை உயர்த்த மாட்டார். பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். சாப்பிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். எனக்கு அன்று முழுவதும் ஒரே யோசனை. இவருக்கு யார் சொன்னது?

சந்தேகம் அந்தக் காலையில்தான் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தது.

அடுத்த வாரங்களில் வீட்டுக்கு மீன் வர ஆரம்பித்தது. கம்பெனி பிக்கப்பில் யாராவது கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். என் மனைவி ரோஸ்லின் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாவது தடவை வந்தபோது பையைத் திறக்காமலே அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

"ஊரு ஒண்ணுன்னா வாராவாரம் மீன் குடுப்பானா? ஆஸ்பத்திரில என் வார்டுலயே நம்மூர்க்காரங்க எத்தன பேரு இருக்காங்க, ஒரு பொட்டு மீன் குடுத்தாங்களா? ஒங்ககிட்ட அவனுக்கு என்னமோ வேணும். என்னன்னு பாருங்க."

பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த பருவம். சமவெளி எங்கும் பச்சை. கிழக்கு வேலியோரம் மட்டும் ஒரு பட்டை அளவுக்குப் புல் பழுத்துக் காய்ந்து நின்றது. அருள்ராஜிடம் கேட்டேன். வேலிக்கு அப்பால் ஒரு கொட்டகையைக் கையால் காட்டினான்.

"அந்தக் கெழவிதான். உம்மு சாலிம். வேலியத் தூக்கிட்டு ஆட்ட உள்ள விடுதா. எத்தன தடவ சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்கா. உள்ளூர்க்காரி, நாம என்ன செய்ய முடியும்? நீங்களே எழுதிருங்க அண்ணாச்சி, ஆடு மேய்ஞ்சு வெறுந்தரையாப் போச்சுன்னு."

கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் ஆடு மேய்ந்த புல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடித்த இடம் பிய்ந்திருக்கும். புழுக்கை கிடக்கும். குளம்புத் தடம் இருக்கும். இங்கே புல் முழுசாக நின்றது. ஒரு நுனிகூடக் கடிபடவில்லை. நின்ற இடத்திலேயே செத்திருந்தது. அடியில் மண்மேல் லேசாக வெள்ளை பூத்திருந்தது.

உப்பளத்தில் வளர்ந்தவனுக்கு அந்த வெள்ளை என்னவென்று நாக்கில் வைக்காமலே தெரியும். இருந்தாலும் வைத்துப் பார்த்தேன்.

"உப்பு" என்றேன்.

"இங்க பூமியே உப்புல்லா அண்ணாச்சி. கடலுக்கு எவ்வளவு தூரம்? அடியிலிருந்து ஏறி வருது" என்றான் அருள்ராஜ். சொல்லும்போது அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒருவன் சிரிப்பு பிடிக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுத முடியாது. வளைகுடாவில் அடியிலிருந்து உப்பு ஏறிவரும் நிலம் நிறைய உண்டு என்பதும் உண்மைதான்.

முதீரிடம் சொன்னேன். புல்லை யாரோ கொல்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"பொறு."

அடுத்த வாரமும் சொன்னேன். அடுத்த வாரமும் பொறு. இதற்கிடையில் காய்ந்த பட்டை அகலமாகிக்கொண்டே வந்தது. கம்பெனி ஆட்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து முதீர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் எப்போது சமவெளிக்குப் போனாலும் கம்பெனி கேட் திறந்திருந்தது. அருள்ராஜ் சட்டை மாற்றி, தலை சீவி நின்றான். முன்கூட்டிச் சொல்லாமல் போன நாளிலும் அப்படியே நின்றான். நாங்கள் வருவது அவனுக்குத் தெரிந்திருந்தது. புறப்படும் நேரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், நானும் முதீரும்.

நான் சொல்லவில்லை. அப்படியானால்?

அவரும் அதே கணக்கைப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றாமலில்லை. மேனேஜர் தமிழன், ஆய்வாளன் தமிழன், ஒரே ஊர், ஒரே சர்ச், ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், இருவரும் பேசுவது பக்கத்தில் நிற்கிற எவனுக்கும் புரியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். மெல்ல மெல்ல அவர் என்னிடம் வேலை சம்பந்தமாகப் பேசுவது குறைந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் மேஜை மேல் விரித்திருந்த வரைபடத்தைச் சுருட்டினார். நானும் என் கணிப்புகளை அவரிடம் சொல்வதை நிறுத்தினேன். வெளியே புல் செத்துக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே அன்றுதான் வார விடுமுறை, பூசையும் அன்றுதான். பூசை முடிந்ததும் ரோஸ்லினிடம், சாப்பாட்டைக் கட்டு, வாடிப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்றேன். வாடி என்றால் அங்கே காட்டாறு. மழைக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக அந்தப் பக்கம் போவது வழக்கம்தான். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அந்தப் புல்லப் பாக்கப் போறிய. அதச் சொல்லுங்களேன்."

எங்கள் சொந்தக் காரில், வழக்கமான ரோட்டில் போகாமல் வாடியின் காய்ந்த ஆற்றுப்படுகை வழியாகச் சுற்றிப் போனோம். கிழக்கு வேலிக்கு வெளியே ஒரு வன்னி நிழலில் பாயை விரித்து உட்கார்ந்தோம். லெமன் சாதமும் பொரித்த மீனும். சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ரோஸ்லின் கையை நிறுத்தினாள்.

"அங்க பாருங்க. தண்ணி லாரி ரோட்டுலதான போவும், இது ஏன் புல்லுக்குள்ள போவுது?"

வேலிக்கு உள்ளே ஒரு டேங்கர், மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் விசிறியடித்துக்கொண்டு வந்தது. காய்ந்த பட்டைக்கு அடுத்திருந்த பச்சைப் புல்மேல்.

இங்கே நான் என்ன செய்தேன் என்பதைவிட, என்ன செய்யலாம் என்று யோசித்தேன் என்பது உங்களுக்கு முக்கியம். ஓடிப்போய் லாரியை மறிக்கலாம். விடுமுறை நாளில் எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. பேசாமல் திரும்பிப் போய் சனிக்கிழமை சொல்லலாம். தண்ணீர் விட்டார்கள் என்று சொன்னால் யார் கோபப்படுவார்கள்? புல்லுக்குத் தண்ணீர் விடுவது குற்றமில்லையே. அந்தத் தண்ணீர் என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே கையைக் கழுவிக்கொண்டு, ஊர் சுற்ற வந்தவன் போல வேலியோரம் நடந்து போய்க் கையை ஆட்டினேன்.

டிரைவர் லாரியை நிறுத்தி இறங்கி வந்தார். மன்னார்க்காரர், இலங்கைத் தமிழர். புதிதாக வேலைக்கு வந்தவர். என் பேச்சைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன அண்ணை, பிக்னிக்கோ?"

"ஆமா. நீங்க என்ன, புல்லுக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

"ஓம். புல்லு காயுதெண்டு மேனேஜருக்குச் சரியான கவலை. வெள்ளிக்கிழமையில மட்டும் வந்து நனைச்சுவிடச் சொன்னவர். நான் எவ்வளவோ விடுறன், ஆனா இது வாடிக்கொண்டே போகுது. என்ன மண்ணோ தெரியேல்லை."

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்தப் புல்லைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலிக் கம்பி வழியாகக் கையை நீட்டி, குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீரைவிடக் கரிப்பு.

"எங்க புடிச்சீங்க இத?"

"கம்பெனிட பழைய கிணறு, மூடி வச்சிருந்தது. குடிக்கேலாது, புல்லுக்குப் பரவாயில்லை எண்டு சொன்னவர்." சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் குழாயில் விரல் வைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். மீன்பிடிக் குடும்பத்துக்காரர், அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அப்படியே லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் ஆர்?"

சொன்னேன். அவர் பயந்துவிட்டார். என் பெயரைச் சொல்லிப்போடாதீங்கோ, நான் திரும்பிப் போக ஏலாது, அங்கே சண்டை நடக்குது என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது அவர் கேட்காமலே ஒன்றைச் சொன்னார்.

"நீங்கள் வாற நேரமெல்லாம் மேனேஜருக்கு முதலே தெரியும். ரவுண்டபோட் டீக்கடையிலிருந்து போன் வரும். ஆபீஸ் வண்டி இப்ப டீ குடிச்சுப் புறப்படுது எண்டு."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சமவெளிக்குப் போகும்போதெல்லாம் நானும் முதீரும் ரோட்டு வட்டச் சந்திப்பில் இருக்கும் அந்தக் கடையில் வண்டியை நிறுத்துவோம். நான் கேம்ப்பில் சாப்பிட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதும் அப்போது விளங்கியது. அதே கடைதான். கம்பெனி ஆட்கள் அங்கே பேசியிருப்பார்கள், அது அவர் காதுக்குப் போயிருக்கும். வாரக்கணக்கில் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதற்குக் காரணம் எங்கள் டீ.

சனிக்கிழமை காலை. அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ரோஸ்லின் வாசலில் நிறுத்தினாள்.

"அவரு உண்மையிலேயே அவங்க ஆளா இருந்தா? சொன்ன ஒடனே ஒங்களத்தான் பிளேன்ல ஏத்துவாங்க."

"சொல்லாம இருந்தா அந்தப் புல்லு போயிரும்."

"போகாதீங்கன்னா சொன்னேன்? முழுசாச் சொல்லுங்க. பாதி சொன்னா ரெண்டு பக்கமும் ஒங்கள நம்ப மாட்டாங்க."

முழுதாகவே சொன்னேன். மீன்குழம்பில் ஆரம்பித்து, திருப்பி அனுப்பிய மீன், வெள்ளிக்கிழமை, டேங்கர், மூடிய கிணறு, டீக்கடை வரை. முடித்ததும் முதீர் கேட்டார்.

"டிரைவர் பெயர்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நேற்று சாயங்காலம் அந்தக் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்கு போன் வந்தது. உன் ஆய்வாளர் இன்று தனியாக வந்தார், எங்கள் ஆளைப் பிடித்துப் பேசினார், சாதகமாக எழுத என்ன தருவீர்கள் என்று கேட்டார் என்றார்கள். நீ இப்போது வந்து, தனியாகப் போனேன், அவர்கள் ஆளோடு பேசினேன், பெயர் சொல்ல மாட்டேன் என்கிறாய்."

நான் அவனுக்கு எதிராகச் சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் அருள்ராஜ் எனக்கு எதிராக முன்கூட்டியே திருப்பி வைத்துவிட்டான். நாங்கள் பேசியதை யாரோ தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், என்ன பேசினோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் பெயரைச் சொல்லியிருந்தால் என் பக்கம் கொஞ்சம் பலம் கூடியிருக்கும். சொல்லவில்லை. பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். பெயரைச் சொன்னால் எனக்குத் தகவல் தந்தது அவர்தான் என்று ஆகிவிடும், அந்த மனிதரை அன்றே விமானம் ஏற்றிவிடுவார்கள், பிறகு எனக்குச் சாட்சியும் இருக்காது என்பதும் கணக்கில் இருந்தது.

"நிலத்தைப் பாருங்கள். என்னை நம்ப வேண்டாம்" என்றேன்.

அவர் சாவியை எடுத்தார். "யல்லா" என்றார். கிளம்பு.

அவரே ஓட்டினார். ரவுண்டபோட் பக்கம் போகாமல் நான் சொன்ன வாடி வழியில் விட்டார்.

கேட் திறந்திருந்தது. ஆனால் அது எங்களுக்காகத் திறந்ததில்லை. இரண்டு டிராக்டர்கள் வட்டுக் கலப்பையோடு கிழக்குப் பட்டையில் இறங்கியிருந்தன. காய்ந்த புல் பாதிக்கு மேல் புரண்டு கிடந்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் அருள்ராஜ் ஓடிவந்தான். அன்று தலை சீவியிருக்கவில்லை.

"சார், வெற்றுத்தரையைத்தான் உழுகிறோம். குத்தகையில் அனுமதி இருக்கிறது. இந்த மண்ணே உப்பு, புல் நிற்காது" என்று முதீரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "அண்ணாச்சி, வேண்டாம். ஒங்க நல்லதுக்குச் சொல்லுதேன்" என்றான்.

முதீர் உழுத மண்ணை ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்தார். கொஞ்சம் ஆழத்திலிருந்து எடுத்தும் வைத்தார். இரண்டும் கரித்தன. என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் சொன்னார்.

"பூமியின் உப்பு என்றால் கீழேயும் இருக்கும். ஊற்றிய உப்பு என்றால் மேலே மட்டும் இருக்கும். இவர்கள் மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் கலக்குகிறார்கள். உழாத இடத்தில் குழி தோண்டு. சீக்கிரம்."

அப்போதுதான் அந்த அவசரம் எனக்குப் புரிந்தது. அவர்கள் அன்று உழுதது தீவனத்துக்காக இல்லை. வெள்ளிக்கிழமை நான் பார்த்ததை சனிக்கிழமைக்குள் இல்லாமல் ஆக்குவதற்காக.

மண்வெட்டி வேண்டும். அருள்ராஜ் கையை விரித்தான். கேம்ப்பில் இருந்த ஆட்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மாஃபி, மாஃபி, இல்லை என்றார்கள். டிராக்டர் ஒவ்வொரு சுற்றும் வரவர மீதிப் பட்டை சுருங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் உம்மு சாலிமின் கொட்டகை. ஓடினேன்.

அந்த அம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகமூடிக்குப் பின்னால் கண் மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் மண்வெட்டி கேட்டேன்.

"கம்பெனிக்கா?"

"இல்லை. அரசாங்கத்துக்கு."

"ரெண்டும் ஒன்றுதான். என் ஆட்டின்மேல் பழி போட்டதும் நீங்கள்தானே?"

பதில் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. குனிந்து, என் செருப்பில் ஒட்டியிருந்த அந்த மண்ணை எடுத்து நீட்டினேன். "உப்பு. ஊற்றினார்கள்" என்றேன். அவர் அதை வாங்கவில்லை. உள்ளே போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு என் பின்னாலேயே வந்தார். மண்வெட்டி திரும்பக் கிடைக்குமா என்ற சந்தேகம். அவர் வந்ததும் ஆடுகளும் கூடவே வந்தன. திறந்து கிடந்த கேட் வழியாக எல்லாமாக உள்ளே வந்து, மிச்சமிருந்த காய்ந்த பட்டையில் பரவி நின்றன.

முன்னால் வந்த டிராக்டரை ஓட்டியவர் ஒரு பட்டாணியர். ஆடுகளைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார். அருள்ராஜ், "ஜல்தி, ஓட்டு, அதுக ஓடிரும்" என்று கத்தினான்.

"நஹி பாய்" என்றார் அவர். "உள்ளூர் அம்மாவோட ஆடு. ஒண்ணு அடிபட்டாலும் உள்ளே போறது நீயா, நானா?" என்று கேட்டு எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த டிராக்டரும் நின்றது.

நான் தோண்டினேன். அந்த மண் இறுகிப்போய்க் கிடந்தது. முதீர் குழியோரம் மண்டியிட்டு, மேல்மண்ணைச் சுவைத்தார், துப்பினார். முழங்கால் அளவு ஆழத்திலிருந்து எடுத்துச் சுவைத்தார். துப்பவில்லை. பிறகு பச்சைப் புல் நிற்கும் இடத்தில் இன்னொரு குழி தோண்டச் சொன்னார். அங்கே மேல்மண்ணும் கரிக்கவில்லை, ஆழத்து மண்ணும் கரிக்கவில்லை.

அவர் எழுந்து, முதல் குழியின் ஆழத்து மண்ணை ஒரு உள்ளங்கையிலும் மேல்மண்ணை மறு உள்ளங்கையிலும் வைத்து அருள்ராஜிடம் நீட்டினார்.

"பூமியின் உப்பு என்றாயே. சொல், கீழே இல்லாத உப்பு மேலே எங்கிருந்து வந்தது?"

அருள்ராஜ் வாங்கவில்லை. அவன் கண் என்மேல் இருந்தது. அந்தப் பார்வையில் கோபத்தைவிட அதிசயம்தான் அதிகம். ஊர்க்காரன் இப்படிச் செய்வான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"கலாஸ்" என்றார் முதீர். முடிந்தது.

உழவு அன்றே நின்றது. ஒப்பந்தத்திலிருந்த உழவு அனுமதி கொஞ்ச நாளில் ரத்தானது. கம்பெனிக்கு மேய்ச்சல் மட்டும் மிஞ்சியது, அதையும் பிறகு விட்டுவிட்டுப் போனார்கள். சமவெளியின் பெரும்பகுதி தப்பியது. உழுத பட்டை தப்பவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. மன்னார்க்காரர் யாரும் வெளியேற்றுவதற்கு முன் தானாகவே கிளம்பி ஓமானில் சோஹார் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் பெயரை நான் முதீரிடம் கடைசிவரை சொல்லவில்லை, அவரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் முதீர் சொன்னார்:

"நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரே ஒரு ஆளின் வார்த்தையை வைத்து, அதுவும் அந்த மேனேஜரின் ஊர்க்காரன் வார்த்தையை வைத்து, என்னால் உழவை நிறுத்த முடியாது. அதனால்தான் பொறு என்றேன்."

"நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "நல்லது. அடுத்த தடவை என் முகத்துக்கு நேராகச் சொல். நானும் சொல்கிறேன். அது இல்லாததால்தான் அவனுக்கு இத்தனை வாரம் கிடைத்தது."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அப்படித்தான் வேலை செய்தோம். காலையில் வந்ததும், இன்று உன்மேல் எனக்கு என்ன சந்தேகம் என்று பேசி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்போம். வெளியாட்கள் கேட்டால் சண்டை என்று நினைப்பார்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் சில வருடங்கள் கழித்து துபாயில் தேராவில், ஆப்ரா படகு ஏறுகிற துறையில், அருள்ராஜைப் பார்த்தேன். அந்தக் கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பியிருந்தது, பிறகு அவன் வேறு விசாவில் திரும்பி வந்திருந்தான். ஒரு மசாலாக் கடையில் வேலை. இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவான் என்று நினைத்தேன். அவனாக வந்தான்.

"நல்லாருக்கியளா அண்ணாச்சி?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்." துறைக் கம்பியில் சாய்ந்துகொண்டான். "ஒண்ணு சொல்லவா? அர்பாப், அதான் கம்பெனி மொதலாளி, ஒரு நாளும் என்ட்ட உப்புத்தண்ணி ஊத்துன்னு சொல்லல. புல்லக் கொல்லுன்னு சொல்லல. வியாழக்கிழமையானா போன்ல கேப்பாரு. 'அருள், அந்த நிலம் இன்னும் காலியாகலையா?' அவ்வளவுதான் கேப்பாரு. நல்ல கொரல்லதான் கேப்பாரு. நான் இல்லன்னு சொல்லுவேன். அடுத்த வாரமும் கேப்பாரு. லீவு கேட்டாலும் அதத்தான் கேப்பாரு."

அவன் சொல்வது உண்மையா, என்னிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறானா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. படகு வந்தது. அவன் கூட்டத்தோடு ஏறிப் பலகையில் இடம் பிடித்து உட்கார்ந்தான். நான் அடுத்த படகுக்கு நின்றேன்.

அவன் பேச்சை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு நிலத்தைப் பற்றி உங்களிடம் ஒருவர், நல்ல குரலில், அது இன்னும் காலியாகவில்லையா என்று இரண்டாவது முறை கேட்டால், பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுங்கள்.